பாட்டுக்கு முன் எழும் ஒலி

நூலுக்கு முன் பாயிரம் உரைத்தல் தமிழ் மரபு. பாயிரம் அற்றதை நூலென்றே கொள்ளாதவர் நன்னூலார். இசைக்கும் அத்தகைய பாயிரம் ஒன்றுண்டு. பாட்டு எழுமுன் ஒலிக்கும் அச்சில கணங்கள் வெறும் அலங்காரம் அல்ல. சிதறிக் கிடக்கும் செவிகளை ஒன்று சேர்த்து, இன்னது வருகின்றது என்று அறிவிப்பன அவை.

மேனாட்டு றொக் இசையில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1964ஆம் ஆண்டில் பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'எ ஹாட் டேய்ஸ் நைற்' என்னும் பாடல் ஒரே முழக்கத்தோடு தொடங்குகின்றது. அம்முழக்கத்திலே எந்தெந்தச் சுரங்கள் கலந்துள்ளன என்று இசை வல்லுநர் நெடுங்காலம் ஆராய்ந்தனர். அடுத்த ஆண்டில் வந்த றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் 'சற்றிஸ்பக்ஷன்' பாடலுக்கோ, கீத் றிச்சர்ட்ஸ் கிற்றாரில் மீட்டிய மூன்று சுரங்களே தலைவாயில். வானொலியிலே சில நிமிடம் மட்டுமே ஒலிக்கும் பாடல், முதற் சில வினாடிகளுக்குள் தன்னை அறிவித்தாக வேண்டுமல்லவா?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கோயில் வீதிகளில் இப்பணியைச் செய்வது மல்லாரி. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வசந்த மண்டபப் பூசை முடிந்து, சுவாமி எழுந்தருளும் வேளை. முதலில் தவில் தனித்து முழங்குகின்றது. பின்னர் நாதஸ்வரம் கம்பீரநாட்டை இராகத்தில் எழுகின்றது. பேச்சு அடங்குகின்றது, கைகள் தலைமேற் குவிகின்றன.

கம்பீரநாட்டையில் ரிஷபமும் தைவதமும் இல்லை, ஐந்தே சுரங்கள். சட்சத்திலிருந்து காந்தாரத்துக்கும், பஞ்சமத்திலிருந்து நிஷாதத்துக்கும் தாவிச் செல்வதால் அதற்கு ஒரு வீறு உண்டு. மல்லாரிக்குச் சொற்கள் கிடையா. தாளக் கட்டுக்குள் அமைந்த சுரக்கோவையை முதலில் விளம்ப காலத்திலும், பின்னர் மத்திம, துரித காலங்களிலும் வாசிப்பர். கதை சொல்லுதல் அதன் நோக்கமன்று. சுருதியையும் காலத்தையும் நிலைநிறுத்துதலே நோக்கம். அதன் பின்னரே இராக ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் இடமுண்டு.

மல்லாரியிலும் வகைகள் உள. தேர் புறப்படும்போது தேர் மல்லாரி. அபிஷேகத்துக்குத் தீர்த்தம் கொணரும்போது தீர்த்த மல்லாரி. நைவேத்தியம் கொணரும்போது தளிகை மல்லாரி. ஆகவே, கோயிலுக்குச் செல்ல இயலாது வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவரும், காற்றில் வரும் ஒலியைக் கொண்டே அங்கு நிகழ்வது இன்னதென்று அறிந்துகொள்வார். அவருக்கு அது இசை மட்டுமன்று, செய்தியுமாகும்.

இணுவில், அளவெட்டி ஆகிய ஊர்கள் இக்கலையைப் போற்றி வளர்த்தன. தமிழகத்திலும் பெரும்புகழ் ஈட்டிய தவில் மேதை தெட்சணாமூர்த்தி இணுவிலிற் பிறந்தவர். அளவெட்டிக்குப் பெயர் தேடித் தந்தவர் நாதஸ்வரக் கலைஞர் பத்மநாதன். இத்தகையோரின் வாசிப்பை மதித்துணர்ந்த செவிகளும் அவ்வூர்களிலே இருந்தன. கலை வளர அவ்விரண்டும் வேண்டும்.

1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வு வாசிப்போரையும் கேட்போரையும் ஒருசேரச் சிதறடித்தது. குருவின் அருகிருந்து கற்கும் கலைக்கு அத்தகைய பிரிவு பெரும் இழப்பே. எனினும் இன்று மல்லாரி மீண்டும் ஒலிக்கின்றது. ஆனால், கைத்தொலைபேசியில் தொடக்கத்தைத் தள்ளிவிட்டுப் பாட்டின் நடுவிலேயே நுழையப் பழகிய தலைமுறையின் செவியில் அது வெறும் மேளச் சத்தமாகவே விழக்கூடும். வாசிப்பவர் இருந்தும் அறிபவர் இல்லையேல், தேர் மல்லாரிக்கும் தீர்த்த மல்லாரிக்கும் உள்ள வேறுபாடு யாருக்குப் பயன்படும்?

இதற்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டுவதில்லை. அடுத்த திருவிழாவில், சுவாமி புறப்படுவதற்குச் சற்று முன்னரே பிள்ளைகளை அழைத்துச் சென்று மேளகாரர் அருகே நிறுத்துங்கள். காலம் மாறும் இடத்தைக் கைவிரலால் எண்ணிக் காட்டுங்கள். தொடக்கத்தைக் கேட்கப் பழகிய செவி, முடிவுவரை பொறுமையோடு கேட்கும்.