டங்ஸ்டன் சுவருக்குள் ஹீலியம்

அணுக்கரு இணைவு உலை என்றாலே, உள்ளே பத்துக் கோடி டிகிரிக்கு மேல் தகிக்கும் பிளாஸ்மாவைத்தான் பேசுகிறோம். என்னைக் கேட்டால், அதைச் சுற்றி நிற்கும் சுவர் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே அதைவிடப் பெரிய கேள்வி. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் பேராசிரியரான பிரையன் வர்த் ஆராய்வது இதைத்தான்.

பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையில், அதிகச் சூடு படும் அடிப்பகுதி சதுர மீட்டருக்கு 10 மெகாவாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். அதனால் அங்கே டங்ஸ்டன் பதிக்கிறார்கள். அதன் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். வேறெந்த உலோகத்துக்கும் இவ்வளவு கிடையாது.

ஆனால் சூடு மட்டும் பகையில்லை. எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது ஹீலியம் பிறக்கிறது. எதனோடும் ஒட்டாத ஹீலியம், டங்ஸ்டனுக்குள் புகுந்துவிட்டால் அணுக்களின் இடுக்குகளில் தடையில்லாமல் ஓடும். ஓடும் வழியில் இன்னொரு ஹீலியத்தைச் சந்தித்தால் சேர்ந்துகொள்ளும். கூட்டம் கொஞ்சம் பெருத்ததும், ஒரு டங்ஸ்டன் அணுவையே அதன் இடத்திலிருந்து தள்ளிவிட்டு அந்தக் காலியிடத்தில் குடியேறும். மேலும் மேலும் ஹீலியம் வந்து சேர, அது குமிழாகிப் பருக்கிறது. மேற்பரப்புக்கு அருகில் என்றால், சிறிய கூட்டமே இப்படித் தள்ளிவிடும் என்பதை வர்த்தும் உடன் ஆய்வாளர்களும் கணினிக் கணிப்புகளில் கண்டார்கள்.

குமிழ்கள் பெருகினால் என்னவாகும்? சுமார் 700 டிகிரிக்கு மேல் சூடான டங்ஸ்டன் தகட்டின் மீது ஹீலியம் பிளாஸ்மாவைத் தொடர்ந்து பாய்ச்சினால், பளபளத்த உலோகம் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பஞ்சு முளைத்ததுபோல் சில பத்து நானோமீட்டர் தடிமனில் இழை இழையாய் நிற்கிறது. அந்த இழைகள் உதிர்ந்து பிளாஸ்மாவில் கலந்தால், டங்ஸ்டன் அணுக்கள் அதன் ஆற்றலைக் கதிராக வெளியேற்றிக் குளிர வைத்துவிடும்.

இதைக் கணினியில் கணிப்பதும் லேசில்லை. அணுக்களின் அசைவை ஃபெம்டோ நொடி அளவில் பின்தொடர வேண்டும். சுவரோ ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். இந்த இரண்டு கால அளவுகளையும் ஒரே கணக்கில் கோப்பதில்தான் வர்த் குழுவின் உழைப்பு இருக்கிறது.

ஹீலியம் மட்டுமல்ல, அதே இணைவில் பிறந்து சுவரைத் துளைத்துப் போகும் நியூட்ரான்களும் உண்டு; அவற்றுக்கு 1.41 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். பின்னாலுள்ள எஃகின் அணுக்களை இடம்பெயர்ப்பதோடு, எஃகுக்குள்ளேயே புதிதாக ஹீலியத்தையும் அவை உண்டாக்குகின்றன. கூடவே எஃகு கதிரியக்கம் ஏறிக் கிடக்கும். அது விரைவில் தணிய வேண்டுமென்று மாலிப்டினத்தையும் நியோபியத்தையும் விலக்கி, டங்ஸ்டனும் டான்டலமும் சேர்த்து எஃகு வார்க்கிறார்கள். இந்தியாவில் அந்த வகை எஃகை உருவாக்கியதில் நம் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்கு முக்கியப் பங்குண்டு.