வாட்ச் 38ன்னு காட்டினப்போ நான் வாட்ச்சைத்தான் சந்தேகப்பட்டேன்

போன வாரம் எபிசோட் ஏன் வரலைன்னு கேட்டிருந்தீங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருந்தார். இப்போ வீட்டுக்கு வந்துட்டார்.

ரெண்டு வாரமா எழுந்து நின்னாலே தலைசுத்துதுன்னு சொல்லிட்டே இருந்தார். வெயில், தூக்கமில்லைன்னு நாங்களே காரணம் கண்டுபிடிச்சோம். ஒருநாள் சும்மா என் ஸ்மார்ட்வாட்ச்சை அவர் கையில கட்டிப் பார்த்தேன். துடிப்பு 38. சென்சார் பிரச்சினைன்னு நினைச்சு வாட்ச்சை ரீஸ்டார்ட் பண்ணேன். மறுநாள் காலையில அப்பா பாத்ரூம் வாசல்ல மயங்கி விழுந்துட்டார்.

இ.சி.ஜி. பார்த்த டாக்டர், "கம்ப்ளீட் ஹார்ட் பிளாக்" என்றார். அம்மா உடனே, "இவருக்கு எண்ணெயே சேர்க்கிறதில்லையே டாக்டர்" என்றார். நானும் ரத்தக்குழாய் அடைப்புன்னுதான் நினைச்சேன். அது இல்லை. குழாய்ல பிரச்சினையே இல்லை, வயரிங்ல பிரச்சினை.

இதயத்துக்கு நாலு அறை, நாலு வால்வு. வலது பக்கம் நுரையீரலுக்கும் இடது பக்கம் உடம்புக்கும் ரத்தத்தை அனுப்புது. இதெல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். துடிக்கச் சொல்றது யாரு? மூளைன்னு நினைச்சிருந்தீங்கன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வலது மேலறையோட உச்சியில சைனஸ் கணுன்னு ஒரு சின்ன செல் கூட்டம் இருக்கு. அந்த செல்களுக்குள்ள மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும், ஒரு அளவைத் தொட்டதும் பட்டுனு சிக்னல் போகும், திரும்ப முதல்ல இருந்து. லேப்ல 555 டைமர் வச்சு எல்.இ.டி. மினுக்கினோமே, கிட்டத்தட்ட அதுதான். தனியா விட்டா நிமிஷத்துக்கு 100 தடவை அடிக்கும். நரம்புகள் வழியா மூளை பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும்தான் போடுது. மாற்று இதயம் வச்சவங்களுக்கு அந்த நரம்பு இணைப்பு அறுந்திருக்கும். அதனாலதான் சும்மா உட்கார்ந்திருந்தாலும் அவங்க துடிப்பு நம்மளைவிட வேகமா இருக்கும்.

மேலறைக்கும் கீழறைக்கும் நடுவுல மின்சாரம் கடத்தாத நார்த்திசு. சிக்னல் இறங்க ஒரே வாசல்தான், ஏ.வி. கணு. 1906ல இதைப் பத்தி எழுதினவர் ஜெர்மனியில ஆராய்ச்சி செஞ்ச ஜப்பான்காரர் சுனாவோ தவாரா. இங்க சிக்னல் சுமார் 0.1 நொடி நிக்கும். பக் இல்லை, ஃபீச்சர்! மேலறை முழுசா காலியான பிறகுதான் கீழறை சுருங்கணும். அதுக்கு அப்புறம் சிக்னல் வேகமா அடிநுனிக்கு ஓடி, அங்கிருந்து மேல பரவும். டூத்பேஸ்ட்டை அடியிலிருந்து பிதுக்குற மாதிரி.

அப்பாவுக்கு அறுந்தது இந்த வாசல் வழிதான். அப்போ எப்படி உயிரோட இருந்தார்? எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான். கீழே இருக்கிற செல்களுக்கும் சொந்த டைமர் உண்டு. ஏ.வி. கணுப் பக்கம் 40லிருந்து 60. அதுக்கும் கீழே 20லிருந்து 40. சாதாரணமா மேலிருந்து வர்ற வேகமான சிக்னல், இந்த டைமர்களை முடியறதுக்குள்ள ரீசெட் பண்ணிடும். நம்ம சர்வர்ல வாட்ச்டாக் டைமர் வேலை செய்யற மாதிரியே. மேலிருந்து சிக்னல் வராதப்போ அதுங்க கையில எடுத்துக்கும்.

ஆக, நான் பார்த்த 38 அப்பாவோட பேக்கப். ஆனா அந்த பேக்கப்புக்குத் தேவைக்கேத்த மாதிரி வேகம் கூட்டத் தெரியாது. படுத்திருந்தா சமாளிக்கும், எழுந்து நடந்தா மூளைக்கு ரத்தம் பத்தாது. எந்த நேரமும் அதுவும் நின்னுபோகலாம்.

தீர்வு பேஸ்மேக்கர். 1958ல ஸ்வீடன்ல ஆர்னே லார்சனுக்கு முதன்முதலா உடம்புக்குள்ள ஒண்ணு வச்சாங்க. சில மணி நேரத்துலயே அது நின்னுடுச்சு. இருபதுக்கு மேல மாத்தி மாத்தி வச்சு, 2001 வரைக்கும் வாழ்ந்தார். செஞ்ச இன்ஜினியரும் பொருத்தின சர்ஜனும் அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க.

விளையாட்டு வீரர்களுக்கு ஓய்வுல 40கள்ல துடிப்பு இருக்கறது சகஜம். ஆனா வீட்ல பெரியவங்களுக்குத் தலைசுத்தலும் இருந்து, வாட்சும் குறைவா காட்டினா, மணிக்கட்டுல விரல் வச்சு 30 நொடி எண்ணி ரெண்டால பெருக்குங்க. அப்பவும் குறைவுன்னா அன்னைக்கே இ.சி.ஜி. எடுத்துடுங்க.

அப்பா இப்போ தோள்பட்டைக்குக் கீழே தடவிப் பார்த்துட்டு நேத்து கேட்டார்: "ஏம்பா, இதுக்கு சார்ஜர் எதுவும் தரலையே?"