பிள்ளையை அனுப்பிய தாய்க்கு யார் பதில் சொல்வது?

சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் போகிறவர்கள், தூரத்தில் மலை தெரிந்ததுமே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பாதி அம்மை, பாதி அப்பனாக அர்த்தநாரீசுவரர் அருள் புரியும் மலை அல்லவா? அந்த ஊரை அடுத்து இருக்கிறது குமாரமங்கலம். இன்று நாமக்கல் ஜில்லாவில் சேர்ந்துவிட்ட இந்த வட்டாரம், அன்று சேலம் ஜில்லா.

குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். 1957-ல் திருச்செங்கோடு தொகுதியிலிருந்து லோக் சபைக்குப் போனார். அதே தேர்தலில் கோயமுத்தூரிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அதே சபைக்குப் போனவர் பார்வதி கிருஷ்ணன். யார் தெரியுமா? சுப்பராயனின் சொந்த மகள்! அப்பா 1959-ல் மத்திய மந்திரியானார். மகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்து கேள்வி கேட்டார். அம்மா ராதாபாய் சுப்பராயனோ 1938-லேயே டில்லியின் மேல் சபையான ராஜாங்க சபையில் உறுப்பினரானவர். அந்தச் சபையில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ராணுவத்தில் சேர்ந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவில் போரிட்டு எதிரியிடம் சிறைப்பட்டார். 1966 முதல் 1969 வரை இந்திய ராணுவத்தின் பிரதம தளபதியாக இருந்தார்.

ராணுவத்தை நடத்தியவரும், ராணுவத்துக்காகச் சர்க்காரைக் கேள்வி கேட்கும் சபையில் அமர்ந்தவர்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் எல்லா வீட்டிலும் பார்லிமெண்ட் மெம்பர் இருக்கிறாரா, என்ன? ராசிபுரத்திலோ பரமத்தியிலோ ஒரு தாய், பட்டாளத்துக்குப் போன பிள்ளையை நினைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். "நம் எல்லையைக் காக்கப் போகிறான்" என்றால் அவளுக்குப் புரிகிறது. "வேறு தேசத்துக்குப் போகிறான்" என்றால்? யாருக்கு யார் கொடுத்த வாக்குக்காக அவன் போகிறான் என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டல்லவா?

வாக்குக் கொடுப்பது யார்?

அயல் நாட்டோடு ஒப்பந்தம் செய்துகொள்வது மத்திய சர்க்காரின் அதிகாரம். கையெழுத்துப் போடுவதற்கு முன் பார்லிமெண்டின் சம்மதத்தை வாங்கியாக வேண்டும் என்று நம் அரசியல் சட்டம் சொல்லவில்லை. ஆனால் மந்திரி சபை லோக் சபைக்குப் பொறுப்பு என்று 75-வது ஷரத்து சொல்கிறது. அதாவது, முன்கூட்டிக் கேட்காமல் செய்யலாம். பின்னால் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

1971 ஆகஸ்டு 9-ந் தேதி டில்லியில் சோவியத் யூனியனோடு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இரு நாடுகளில் ஒன்றுக்குத் தாக்குதல் அபாயம் வந்தால், இருவரும் உடனே கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து. வெளிநாட்டு மந்திரி ஸ்வரண் சிங் அன்றைய தினமே பார்லிமெண்டில் அதைப் பற்றி அறிவித்தார்.

1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் கையெழுத்திட்டார்கள். சண்டை நிறுத்தத்தை நிலைநாட்ட இந்திய அமைதிப் படையை இலங்கை ஜனாதிபதி அழைக்கலாம் என்ற வாசகம், ஒப்பந்தத்தின் அநுபந்தத்தில் இருந்தது. ஒரு வரிதான்! அமைதி காக்கப் போன படை, அக்டோபர் மாதத்திலேயே யுத்தத்தில் இறங்க நேர்ந்தது. 1990 மார்ச்சில் கடைசி ஜவான் திரும்பி வந்தபோது, 1,100-க்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. எவ்வளவு சிறிய வரி, எவ்வளவு பெரிய விலை! அதனால்தான் கேள்வி கேட்கும் சபை வேண்டியிருக்கிறது.

கேள்விக்கு முந்தின இரவு

லோக் சபையில் ஒரு நாளைக்கு இருபது கேள்விகளுக்கு மந்திரிகள் வாயால் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி உண்டு. அச்சிட்ட பதில் சுருக்கமாக இருக்கும். சோதனை எல்லாம் அதற்குப் பிறகு வரும் துணைக் கேள்விகளில்தான். இன்ன மெம்பர் இன்னது கேட்கலாம் என்று முன்கூட்டியே யூகித்து, இலாகா உத்தியோகஸ்தர்கள் குறிப்புகள் தயார் செய்கிறார்கள். சபையில் அவர்களுக்கென்று தனி இடம் உண்டு. மந்திரி தடுமாறினால் அங்கிருந்து துண்டுச் சீட்டு பறக்கும்.

கமிட்டியில் நிலைமை வேறு. அங்கே மந்திரியை அழைப்பதில்லை; உத்தியோகஸ்தரே நேரில் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். ராணுவ இலாகாவுக்கும் வெளிநாட்டு இலாகாவுக்கும் 1993-லிருந்து நிலைக் கமிட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இன்று 31 மெம்பர்கள்: 21 பேர் லோக் சபை, 10 பேர் ராஜ்ய சபை. முதலில் இலாகா குறிப்பு அனுப்புகிறது. கமிட்டி கேள்விப் பட்டியல் அனுப்புகிறது. எழுத்து மூலம் பதில் போகிறது. அப்புறம்தான் நேர் விசாரணை, மூடிய கதவுக்குள்ளே.

காரியதரிசி அங்கே போவதற்கு முன், தம் விஷயங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஊரறியச் சொல்லக் கூடியவை ஒன்று. ரகசியம் என்று கேட்டுக்கொண்டு கமிட்டிக்கு மட்டும் சொல்லக் கூடியவை இரண்டாவது. தேச பத்திரத்தை உத்தேசித்து அங்கேயும் தர முடியாதவை மூன்றாவது. அப்படி ஒரு தஸ்தாவேஜைத் தர மறுக்கச் சர்க்காருக்கு விதிகளிலேயே இடம் உண்டு.

விசாரணை தொடங்கும்போதே தலைவர் ஓர் எச்சரிக்கை செய்கிறார்: "நீங்கள் சொல்வது வெளியிடப்படலாம். ரகசியம் என்று கேட்டுக்கொண்டாலும் பார்லிமெண்ட் மெம்பர்களுக்குக் கிடைக்கலாம்" என்ற கருத்தில். பொய் சொன்னால் உரிமை மீறல் குற்றம். ஆகவே நல்ல உத்தியோகஸ்தர் மூன்றாவது கட்டைச் சின்னதாக வைத்துக்கொள்வார். சங்கடமான சங்கதியை எல்லாம் 'ரகசியம்' என்று சொல்லி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவரும் இருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதுதான் மெம்பரின் சாமர்த்தியம்.

அமெரிக்காவில் நடந்தது

மறைத்தால் என்ன ஆகும்? 1969-ல் அமெரிக்க செனட் சபையில், ஸைமிங்டன் என்பவரின் தலைமையில் ஒரு துணைக் கமிட்டி, தம் நாடு அயல் நாடுகளுக்குக் கொடுத்திருக்கும் ராணுவ வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக விசாரித்தது. அக்டோபரில் லாவோஸ் முறை. அந்தச் சின்ன தேசத்தில் அமெரிக்க விமானங்கள் பல வருஷங்களாகக் குண்டு போட்டு வந்தன. அமெரிக்க ஜனங்களுக்கோ அதைச் சொல்லவில்லை. ராஜதந்திரிகளும் ராணுவத்தாரும் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். எந்த வரியை வெளியிடுவது, எதை அடிப்பது என்று மாதக்கணக்கில் இழுபறி. 1970 ஏப்ரலில்தான் சாட்சியம் அச்சில் வந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1969 டிசம்பரில், லாவோஸுக்கும் தாய்லாந்துக்கும் தரைப்படையைப் போருக்கு அனுப்பப் பணம் கிடையாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் கையை விரித்துவிட்டது. கேட்டவர்கள் இருந்ததால் பதில் வந்தது.

நீங்கள் செய்யக் கூடியது

இதெல்லாம் ஆண்களின் அரசியல் என்று அடுப்பங்கரைக்குத் திரும்பிவிடாதீர்கள். மளிகைக் கணக்கில் கால் ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடிக்கிற உங்களுக்கு, இந்தக் கணக்கு ஒரு பிரமாதமா? பார்லிமெண்ட் கேள்விகளும் பதில்களும் கமிட்டி அறிக்கைகளும் இன்று இணையத்தில் காசில்லாமல் படிக்கக் கிடைக்கின்றன. உங்கள் தொகுதி மெம்பருக்குக் கடிதம் எழுதி, இன்னதைக் கேளுங்கள் என்று சொல்லலாம்.

"பரிசீலனையில் இருக்கிறது" என்று மந்திரி பதில் சொன்னால் சும்மா விட வேண்டாம். அது ஒரு வாக்குறுதி என்றே கணக்கு. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. நிறைவேறியதா என்று பார்க்கவே 1953-லிருந்து லோக் சபையில் ஒரு கமிட்டி இருக்கிறது.

தளபதியின் தாய், தானே சபையில் அமர்ந்தவர். ராசிபுரத்துத் தாய்க்கு அது வாய்க்கவில்லை. ஆனால் அவளுக்காகப் பேச ஒருவரை ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறாள். அவர் வாய் திறக்கிறாரா என்று கவனிக்க வேண்டியது அவளும் நாமும்தான்.