மலிவுப் பொம்மையை மாற்றியமைப்போம்

திரைப்படங்களில் வரும் வாள், கருவி, தலைக்கவசம் போன்றவற்றின் நகல்கள் இன்று இரண்டு விதமாக விற்பனையாகின்றன. ஒன்று, கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். உலோகத்தில் செய்யப்பட்டது, அச்சு அசலாக இருக்கும். விலையைக் கேட்டால் அந்த மாதத்து வீட்டுச் செலவுதான் கண்முன் வந்து நிற்கும். மற்றது, நடைபாதைக் கடையில் கூடையில் குவிந்து கிடக்கும். பிளாஸ்டிக்கில் வார்த்தது, பளபளக்கும் சாம்பல் நிறம், பக்கத்தில் ஒரு தையல் கோடு. தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் பொம்மை என்று சொல்லிவிடலாம்.

பிள்ளை கேட்பது முதலாவதை. நம் கைக்கு எட்டுவது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? பல பொம்மைகளில் அது வெறும் வர்ணத்தின் தூரம்தான். ஓர் அரத்தாளும் கொஞ்சம் தீந்தையும் வீட்டில் கிடக்கும் சில உதிரிப் பொருட்களும் இருந்தால், இரண்டு விடுமுறை நாட்களில் அதைக் கடந்துவிடலாம்.

அசலும் உதிரியில் பிறந்ததுதான்

ஒளிவாளை எடுத்துக்கொள்வோம். 1977 இல் வெளிவந்த 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் இளம் நாயகன் கையில் ஏந்தும் அந்தப் பிடி, ஏதோ பெரிய தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டது என்றுதானே நினைப்போம்? உண்மை அதுவல்ல. படப்பிடிப்பு இங்கிலாந்தில் நடந்தது. அரங்கப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்த ரொஜர் கிறிஸ்டியன், இலண்டனில் கமெராப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் பழைய 'கிராஃப்ளெக்ஸ்' மின்வெட்டு விளக்குகளின் கைப்பிடிகளைக் கண்டெடுத்தார். பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் ஒரு காலத்தில் தமது பெரிய கமெராக்களோடு பொருத்திப் பிடித்த உலோகக் குழாய்கள் அவை. அதன் அடிப்பகுதியில் கறுப்புப் பட்டிகளை ஒட்டினார். இடையில், கணிப்பானில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ் வில்லையின் ஒரு துண்டைச் செருகினார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம் சேர்த்தார். அவ்வளவுதான். உலகம் முழுவதும் பிள்ளைகள் கேட்டு அழும் பொருள் பிறந்துவிட்டது. அந்தப் படத்தின் கலை அமைப்புக்குக் கிடைத்த ஒஸ்கார் விருதில் அவரும் பங்காளியானார்.

இது தனிக்கதை அல்ல. பிரித்தானியத் தொலைக்காட்சியில் 1963 இல் முதன்முதலாகத் தோன்றிய 'டாலெக்' என்னும் இயந்திர எதிரியின் கை, அடைத்துக்கொண்ட குழாயைத் திறக்கப் பயன்படும் ரப்பர் கிண்ணம். அமெரிக்காவின் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் 1966 இல் ஒரு கதைக்காக விநோத வடிவில் உப்புக் குப்பிகள் வாங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு அவை உப்புக் குப்பி என்றே புரியாது என்று பிறகு எண்ணி, சாதாரணக் குப்பிகளை மேசையில் வைத்துவிட்டு, வாங்கியவற்றை மருத்துவரின் சத்திரசிகிச்சைக் கருவிகளாக்கிவிட்டார்கள். 1999 இல் வந்த மற்றொரு 'ஸ்டார் வோர்ஸ்' படத்தில் வீரர் பேசும் தொடர்புக் கருவி, பெண்களுக்கான சவரக் கத்தியொன்றின் கைப்பிடியிலிருந்து வார்க்கப்பட்டது.

ஆகவே, மலிவான பொருளை மாற்றுவது நகல் வேலை மட்டுமல்ல. அசலைச் செய்தவர்கள் நடந்த பாதையும் அதுதான்.

வாங்கும்போது கவனியுங்கள்

நிறத்தைப் பார்க்காதீர்கள், வடிவத்தைப் பாருங்கள். நிறத்தை மாற்றலாம், அளவு பிழையென்றால் மாற்றுவது கடினம். திருகாணிகளால் பூட்டப்பட்ட பொம்மை நல்லது. ஒட்டப்பட்டதைப் பிரிக்க முயன்றால் உடையும். பொம்மையிலோ பெட்டியிலோ முக்கோண அடையாளத்துக்குள் ஓர் இலக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். 2 அல்லது 5 என்றிருந்தால் அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணத் தீந்தை ஒட்டாமல் தோலாக உரிந்துவரும். நகத்தால் அழுத்தினால் மெழுகு போல வழுக்கும் பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் இவ்வகைதான்.

இன்னொரு விதியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றும் செலவு பொம்மையின் விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால், சற்று நல்ல பொம்மையையே வாங்கியிருக்கலாம் அல்லவா?

வேலையைத் தொடங்குவோம்

முதலில் பெட்டரியைக் கழற்றி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பின்னர் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு தட்டில் போடுங்கள். பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்தையும் கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொண்டால், திரும்பப் பூட்டும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை. விளக்கும் கம்பியும் உள்ள பகுதியைத் தனியே எடுத்துவிட்டு, வெளிக்கூட்டைப் பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகக் கழுவி உலரவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது படிந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் எந்த வர்ணமும் நிலைக்காது.

அடுத்தது தையல் கோடு. பொம்மையைக் காட்டிக்கொடுப்பது இதுதான். கடையில் 'சாண்ட் பேப்பர்' என்று கேட்டு 240, 400, 600 ஆகிய மூன்று இலக்கங்களிலும் ஒவ்வொரு தாள் வாங்குங்கள். இலக்கம் கூடக் கூட மென்மை கூடும். 240 இல் தொடங்கி 600 இல் முடியுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது, மூச்சுக்கும் நல்லது. பள்ளமான இடங்களைப் புட்டியால் நிரப்பி, காய்ந்தபின் மீண்டும் தேய்த்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். விரலுக்குக் கோடு தெரிந்தால், வர்ணம் பூசியபின் கண்ணுக்கும் தெரியும்.

இனி வர்ணம். எந்தத் தீந்தையையும் முதலில் பொம்மையின் உட்புறத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். மென்மையான பிளாஸ்டிக்கில் சில வர்ணங்கள் என்றைக்கும் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். பிழையில்லை என்று தெரிந்தபின் அடித்தளப் பூச்சு, அதன்மேல் வெள்ளி நிறம். விசிறிப் பூசும் தகரமென்றால் 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசுங்கள். ஒரே முறையில் கனமாகப் பூசினால் வழிந்துவிடும். மழை ஈரமான நாளில் பூசினால் மேற்பரப்பு வெண்மையாக மங்கிப்போகும். வெயில் நாளாகப் பாருங்கள். முற்றத்தில், முகக்கவசம் அணிந்து, குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

புதிதாகப் பூசிய வெள்ளி இன்னும் பொம்மையாகத்தான் தெரியும். அதற்கு 'வயது' கொடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. கறுப்பும் கபிலமும் கலந்த நீர்வர்ண அக்ரிலிக் தீந்தையைத் தண்ணீர் போல் கரைத்து, முழுவதும் தடவி, உடனே பழந்துணியால் துடைத்துவிடுங்கள். மேடுகளில் வெள்ளி மிஞ்சும். பள்ளங்களில் அழுக்கு தங்கும். பிறகு ஏறக்குறையக் காய்ந்த தூரிகையில் வெள்ளியைத் தொட்டு, விளிம்புகளை மட்டும் இலேசாக உரசுங்கள். எங்கே உரசுவது? கை பிடிக்கும் இடம், இடுப்பில் உராயும் இடம், கீழே விழுந்தால் படும் இடம். வாப்பாவின் பழைய கருவிப் பெட்டியில் உள்ள சுத்தியலை எடுத்துப் பாருங்கள். தேய்மானம் எங்கே வரும் என்று அது சொல்லித்தரும். இறுதியில் பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு ஒன்று கொடுத்தால் வர்ணம் கையோடு வராது.

வீட்டிலேயே இருக்கிறது

பிடியின் கறுப்புப் பட்டிகளுக்குப் பழைய சைக்கிள் டியூப் போதும். பழுதான கணிப்பானின் பொத்தான்கள், முடிந்த பேனாவின் சுருள்வில், தண்ணீர்க் குழாயின் ரப்பர் வளையம், அறுந்த கைப்பையின் வளையம், மருந்துப் போத்தலின் மூடி எல்லாம் உதவும். ஒட்டுவதற்கு இரண்டு குழாய்களாக வரும் எபொக்சிப் பசை உறுதியானது. உடனே ஒட்டும் பசை வேகமானது. ஆனால் சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும், விரல்களையும் ஒட்டிவிடும். அப்படி ஒட்டினால் இழுக்காதீர்கள். சவர்க்காரம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள்.

எதை மாற்றக் கூடாது?

அன்பான பெற்றோர்களே! இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

முதலாவது, பெட்டரி மூடி. மலிவுப் பொம்மைகள் பலவற்றில் பொத்தான் போன்ற சிறு பெட்டரிகள் இருக்கின்றன. ஒரு குழந்தை அதை விழுங்கி அது தொண்டைக்குழாயில் சிக்கினால், 2 மணித்தியாலத்துக்குள்ளேயே உள்ளே கடும் புண் உண்டாகலாம். எனவே அந்த மூடியின் திருகாணியை அழகுக்காக எடுத்துவிடாதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

இரண்டாவது, தீந்தை. வீட்டு மூலையில் ஆண்டாண்டாகக் கிடக்கும் பழைய எனாமல் தகரத்தைப் பிள்ளையின் பொம்மைக்குத் திறக்காதீர்கள். பழைய தீந்தைகளில் ஈயம் இருக்கலாம். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால், வர்ணம் பூசிய பொம்மை அலுமாரிக்கு மேலே இருப்பதே நல்லது.

மூன்றாவது, பாரம். உள்ளே இரும்பு வாசர்களைப் பொதிந்தால் பிடி அசலைப் போலக் கனக்கும் என்பது உண்மைதான். ஆனால் கனத்த பொருள் தம்பியின் தலையில் பட்டால் அது பொம்மையல்ல. பார்த்து மகிழவா, ஓடி விளையாடவா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். விளையாடத்தான் என்றால் பாரம் வேண்டாம்.

நான்காவதுதான் மிக முக்கியம். பொம்மைத் துப்பாக்கியின் முனையில் இருக்கும் செம்மஞ்சள் நிறத்தை ஒருபோதும் மறைக்காதீர்கள். துப்பாக்கிக்குக் கறுப்பு வர்ணமும் அடிக்காதீர்கள். அமெரிக்காவில் அந்த நிறம் 1988 இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கப்பட்டது. 2014 நவம்பர் 22 அன்று அந்நாட்டின் கிளீவ்லாந்து நகரில், பூங்காவொன்றில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் நகல் துப்பாக்கியுடன் விளையாடிக்கொண்டிருந்தான். அதில் செம்மஞ்சள் முனை இருக்கவில்லை. வந்திறங்கிய பொலிசார் ஓரிரு வினாடிகளில் சுட்டுவிட்டனர். மறுநாள் அவன் இறந்துபோனான். சுட்டது சரியா என்று அந்நாடே கொதித்தெழுந்து கேட்டது. எந்தப் பதிலும் அந்தத் தாய்க்குப் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. துப்பாக்கியைப் பல ஆண்டுகள் பயந்து வாழ்ந்த நம் நாட்டில் இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? அழகு எவ்வளவு கூடினாலும், அது பொம்மை என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். மாற்றியமைக்க ஒளிவாளும் கருவிகளும் தலைக்கவசமும் இருக்கின்றன, துப்பாக்கியை விட்டுவிடுங்கள்.

பிள்ளையின் கையில் கொடுங்கள்

இந்த வேலை முழுவதையும் நீங்களே செய்து முடித்து அவன் கையில் வைத்துவிடாதீர்கள். கழுவுவது, தேய்ப்பது, எந்த உதிரியை எங்கே ஒட்டுவதென்று தேடுவது எல்லாம் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இயலும். மகள்மாரையும் கூப்பிடுங்கள், நுணுக்கமாக வர்ணம் தீட்டுவதில் அவர்கள் நம்மையும் மிஞ்சிவிடக் கூடும். விசிறித் தெளிப்பதையும் வெட்டும் கத்தியையும் மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக் கண்ணாடிக்குள் இருப்பதைப் போலவே நூற்றுக்கு நூறு வராது. வரவும் வேண்டியதில்லை. இனி ஒரு பழுதான வானொலியையோ உடைந்த கணிப்பானையோ பார்க்கும்போது, 'இதில் எது எதற்கு உதவும்?' என்று உங்கள் பிள்ளை கேட்கத் தொடங்குவான். கூட்டைப் பூட்டுவதற்கு முன்னால் அதன் உட்புறத்தில் திகதியையும் செய்தவர்களின் பெயர்களையும் எழுதிவிடுங்கள். இருபது வருடங்கள் கழித்து யாராவது அந்தத் திருகாணிகளைக் கழற்றும்போது, அந்தக் கையெழுத்தும் அங்கே இருக்கும்.