விறாந்தையின் உயரமும் படிகளும்

பிலிமத்தலாவைக்கு அணித்தே உள்ள கடலாதெனிய விகாரை, 1344ஆம் ஆண்டில் கணேசுவராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பியின் தலைமையில் பாறைமீது எழுந்தது. அவருக்குக் கிடைத்தது அசையாத தளம். இன்று அப்பகுதியில் வீடு கட்டுவோருக்கு வாய்ப்பதோ பெரும்பாலும் சரிந்த மண். முன்வாயில் தெருவோடு ஒத்திருக்க, பின்வாயிலுக்கு வெளியே தரை மூன்று நான்கு அடி தாழ்ந்துவிடுகிறது. காற்றாட அமர அங்கே திறந்த விறாந்தை ஒன்று அமைப்போர், அதனை வீட்டுத் தளத்தின் மட்டத்திற்கே உயர்த்திவிட விரும்புகின்றனர். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுத் தளத்திலிருந்து நிலம் 42 அங்குலம் தாழ்ந்துள்ளது என்க. விறாந்தையை ஒரு படி, அதாவது 7 அங்குலம், தாழ்த்தினால் எஞ்சுவது 35 அங்குலம். இரண்டு படி தாழ்த்தினால் 28. அமெரிக்க மாதிரி வீட்டு விதிகள் 30 அங்குலத்தை மிஞ்சும் உயரத்துக்குத் தடுப்புவேலி கேட்கின்றன. விளிம்பிலிருந்து மூன்றடிக்குள் மிகத் தாழ்ந்த இடமே அளவுக்கு உரியது. ஒரே படி வேற்றுமையால் வேலிச் செலவு நீங்குகிறது. நிரப்பும் மண்ணும் குறைகிறது. (குழந்தைகள் உள்ள வீட்டில், விதி கேளாவிடினும் வேலி வேண்டும்.)

நீர் வடிய அடிக்குக் கால் அங்குலம் வெளிச்சரிவு தேவை. பத்தடி அகல விறாந்தையின் விளிம்பு இதனால் இரண்டரை அங்குலம் தாழும். எஞ்சும் இருபத்தைந்தரை அங்குலத்தை நான்கு சம படிகளாக வகுத்தால், ஒவ்வொன்றும் ஆறேகால் அங்குலத்திற்குச் சற்று மேல் வரும். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படியின் உயரத்துக்கு 190 மில்லிமீற்றரை, ஏறத்தாழ ஏழரை அங்குலத்தை, எல்லையாக வைக்கிறது. மிதிபலகை 250 மில்லிமீற்றருக்குக் குறைதல் கூடாது.

படிகள் யாவும் சமமாயிருத்தலே முதன்மையானது. மேசன் அளவாகவே கட்டியிருப்பார். பின்னர் விறாந்தைக்கு மாத்திரம் தரையோடு பதிக்கின்றனர்; சாந்தும் ஓடுமாக ஒன்றரை அங்குலம் ஏறுகிறது. உச்சிப் படி அவ்வளவு உயர்ந்து, வாயிற்படி அவ்வளவு குறைந்துவிடுகிறது. கால் ஓரிரு படியில் அளவைக் கற்றுக்கொள்ளும். பிறகு கண் பார்ப்பதில்லை. இருட்டில் இறங்கும் முதியவர் விழுவது அந்த ஒன்றரை அங்குலத்தினால்தான். ஆதலின், ஓடு பதித்தபின் வரும் மட்டத்தையே வரைபடத்தில் குறித்தல் வேண்டும்.

அவ்வரைபடம் பிரதேச சபையின் அனுமதிக்குச் செல்லும். மண்சரிவு அபாயமுள்ள சாய்வாயின், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் வேண்டும். அத்திவாரம் வெட்டுமுன்னரே இரண்டையும் பெற்றுக்கொள்க. நிரப்பிய மண்ணைத் திரும்ப அள்ளுவது இரட்டைக் கூலி.