கேக், ஸ்டார், சாண்டா... நடுவுல அந்தக் குழந்தை எங்கே?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகத் தொகுக்கப்பட்டது.)

டிசம்பர் வந்தாச்சு. சென்னையில எந்த மாலுக்குள்ள போனாலும் ரெண்டு மாடி உயரத்துக்கு ஒரு மரம் நிக்குது. பேக்கரி வாசல்ல பிளம் கேக் அடுக்கி வச்சிருக்காங்க. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல 'சீக்ரெட் சாண்டா'வுக்குச் சீட்டு குலுக்கியாச்சு. வெள்ளிக்கிழமை எல்லாரும் சிவப்பு டிரெஸ்ல வரணுமாம்.

நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துல வளர்ந்து, வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன். மேல சொன்னதெல்லாம் எனக்குப் பிடிக்கும். அதனால இன்னைக்கு நான் யாரையும் திட்டப் போறதில்ல. ஆனா ஒரு கேள்வி ரொம்ப நாளா மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. ஸ்டார், மரம், கேக், சாண்டா எல்லாத்தையும் ஒருநாள் எடுத்துட்டா, மிச்சம் என்ன இருக்கும்? அந்த மிச்சத்தை நாம எப்படிக் காப்பாத்தறது? இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

எது எங்கிருந்து வந்துச்சு?

முதல்ல தேதி. இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று பைபிளில் எங்கேயும் இல்லை. டிசம்பர் 25 பற்றிய பழைய ஆதாரம் ரோம் நகரத்தில் கிடைக்கிறது, கி.பி. 354-ல் தொகுக்கப்பட்ட ஒரு நாள்காட்டி. ஏன் அந்தத் தேதி என்பதற்கு ரெண்டு விளக்கம் சொல்றாங்க. அதே காலத்தில் ரோமர்கள் கொண்டாடிய சூரியக் கடவுள் விழாவுக்கு மாற்றாக வந்தது என்பது ஒன்று. மரியாள் கருவுற்ற நாளை மார்ச் 25 என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறாங்க.

அடுத்து மரம். இது ஜெர்மானியப் பகுதிகளில் இருந்து வந்த பழக்கம். 1848-ல் விக்டோரியா ராணியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதுக்கப்புறம் ஆங்கிலம் பேசும் உலகம் முழுக்க மரம் வேகமாகப் பரவிச்சு.

சாண்டாவுக்கு ஒரு நிஜ மனிதர் பின்னணியில் இருக்கார். நாலாம் நூற்றாண்டில் மீரா என்ற ஊரில் ஆயராக இருந்த நிக்கோலஸ். அந்த ஊர் இப்போ துருக்கியில் இருக்கு. அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை நம்ம ஊர்க்காரங்களுக்கு உடனே புரியும். ஒரு ஏழை அப்பாவுக்கு மூணு பெண்கள். வரதட்சணை கொடுக்க வழியில்லாததால அவங்க வாழ்க்கையே நாசமாகும் நிலை. நிக்கோலஸ் ராத்திரி நேரத்தில், யாருக்கும் தெரியாமல், ஜன்னல் வழியாகப் பொன் முடிச்சைப் போட்டுட்டுப் போனாராம். நம்ம சீக்ரெட் சாண்டாவை இந்தக் கதை ஞாபகப்படுத்துது. டச்சுக்காரர்கள் அவரை 'சின்டர்கிளாஸ்' என்றார்கள். அமெரிக்காவில் அது 'சாண்டா கிளாஸ்' ஆச்சு. 1931-ல் கோகோ கோலா விளம்பரத்துக்கு ஹாடன் சண்ட்ப்ளாம் வரைஞ்ச ஓவியங்கள்தான் இப்போ நம்ம மனசில் இருக்கிற தொப்பைத் தாத்தாவைப் பிரபலமாக்கிச்சு. சிவப்பு உடை அதுக்கு முன்னாடியே இருந்துச்சு, அதை கோலா கம்பெனி கண்டுபிடிக்கல.

இன்னொண்ணு. 'எக்ஸ்மஸ்'னு எழுதாதீங்க, கிறிஸ்துவை வெட்டிட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்டு வருஷா வருஷம் சுத்தும். பயப்பட வேண்டாம். கிரேக்க மொழியில் 'கிறிஸ்து' என்ற பெயரின் முதல் எழுத்து பார்க்க ஆங்கில 'எக்ஸ்' மாதிரியே இருக்கும். பழைய காலத்துக் கிறிஸ்தவர்களே அதைச் சுருக்கக் குறியாகப் பயன்படுத்தினாங்க.

எல்லாத்தையும் தூக்கி எறிஞ்சவங்க

இதையெல்லாம் கேட்டதும் சிலருக்குத் தோணும்: அப்போ இந்தப் பழக்கம் எதுவும் பைபிளில் இல்ல, எல்லாத்தையும் விட்டுடலாமே?

இதைச் செஞ்சு பார்த்திருக்காங்க. 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம், பியூரிட்டன்களின் செல்வாக்கில், கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் காலனியில் 1659-ல் ஒரு சட்டம் வந்தது. அன்னைக்கு வேலையை விட்டுட்டு விருந்து வச்சா ஐந்து ஷில்லிங் அபராதம். 1681 வரை அந்தச் சட்டம் இருந்துச்சு. அவங்க கவலை நியாயமானதுதான். குடியும் ரகளையும் பண்டிகையை விழுங்கிடுச்சுன்னு நினைச்சாங்க. நம்ம ஊர்லயும் சில பெந்தெகொஸ்தே சபைகள் கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்ல. அவங்க மனசாட்சியை நான் மதிக்கிறேன்.

ஆனா என் பார்வை வேற. ஒரு பழக்கம் எங்கிருந்து வந்ததுங்கறதை விட, அது இப்போ நம்மை எங்கே கூட்டிட்டுப் போகுதுங்கறது முக்கியம். குடிலை எடுத்துக்கோங்க. 1223-ல் இத்தாலியில் கிரெச்சோ என்ற ஊரில், அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் போட்டு, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, ஒரு தொழுவத்தை அமைத்தார். மாடும் கழுதையும் பைபிளின் பிறப்புக் கதையில் வர்றதே இல்ல! ஆனால் அவர் நோக்கம் தெளிவு. அந்தக் குழந்தை எவ்வளவு ஏழ்மையில் படுத்திருந்தது என்பதை மக்கள் கண்ணால பார்க்கணும். அந்தப் பழக்கம் புதுசுதான், ஆனா மக்களை நேராகக் கதைக்குள்ள கூட்டிட்டுப் போச்சு.

இப்போ நம்ம குடில்களைப் பாருங்க. ராகியோ நெல்லோ முளைக்க வச்சுப் புல்தரை, மோட்டார் போட்டு அருவி, சீரியல் பல்பு, சில இடங்களில் ஏரோப்பிளேன் கூட உண்டு. அழகுதான். ஆனா பத்து நிமிஷம் பார்த்துட்டு, "குழந்தை எங்கப்பா?"னு தேட வேண்டியிருந்தா, அந்தக் குடிலோட வேலை பாதியில நின்னுடுச்சுன்னு அர்த்தம்.

கதையில என்னதான் இருக்கு?

கொஞ்சம் கதைக்கே போவோம். லூக்கா, மத்தேயு ரெண்டு பேரும் எழுதியிருக்காங்க. நாம அதை அட்டைப் படமாவே பார்த்துப் பழகிட்டதால, அதன் முரட்டுத்தனம் தெரியறதில்ல.

அரசாங்கம் கணக்கெடுப்புக்கு உத்தரவு போடுது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, கணவனோட பெத்லகேமுக்குப் போறா. அங்கே இடமில்லை. நாம 'சத்திரம்' என்று படிக்கிற இடத்தில் லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு 'விருந்தினர் அறை' என்ற பொருளும் உண்டு. அதனால, அது சொந்தக்காரங்க வீடாகவே இருந்திருக்கலாம், அறை நிரம்பி வழிஞ்சிருக்கும் என்று சில அறிஞர்கள் சொல்றாங்க. கல்யாண வீட்டுல கடைசியா வந்தவங்களுக்குப் படுக்க இடம் கிடைக்காத மாதிரி. எதுவாக இருந்தாலும், குழந்தையைக் கிடத்தினது மாடு தீனி தின்கிற தொட்டியில. பழைய மொழிபெயர்ப்பு அதை அழகா 'முன்னணை' என்கிறது. பொருள் என்னவோ தீவனத் தொட்டிதான்.

செய்தி முதல்ல யாருக்குப் போச்சு? ராத்திரி ஆட்டு மந்தைக்குக் காவல் இருந்த மேய்ப்பர்களுக்கு. அதாவது நைட் ஷிப்ட் பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு! ஓ.எம்.ஆர்.ல கண்ணு எரிய ஸ்க்ரீனைப் பார்த்துக்கிட்டு இதைக் கேட்கிற நண்பர்களே, இந்தப் பண்டிகையின் முதல் அழைப்பிதழ் உங்க ஆளுங்களுக்குத்தான் வந்துச்சு.

அப்புறம் கிழக்கிலிருந்து ஞானிகள் வர்றாங்க. மூணு பேர்னு பைபிள் சொல்லல. மூணு காணிக்கை கொண்டு வந்ததால நாமே கணக்குப் போட்டுக்கிட்டோம். அவங்களைத் தொடர்ந்து ஏரோதின் வெறி. குழந்தைகள் கொல்லப்படுறாங்க. இந்தக் குடும்பம் ராத்திரியோட ராத்திரியா எகிப்துக்குத் தப்பி ஓடுது. அகதிகளாக.

கிறிஸ்தவ நம்பிக்கை இந்தக் கதையை வச்சு ஒண்ணு சொல்லுது. கடவுள் தூரத்தில் நின்னு பார்க்கல. இடமில்லாத இடத்துக்கு, பயமும் இருட்டும் இருக்கிற இடத்துக்கு, ஒரு குழந்தையாக இறங்கி வந்தார். 'இம்மானுவேல்', அதாவது கடவுள் நம்மோடு. மேல கேட்டேனே, மிச்சம் என்னன்னு? இதுதான்.

ஸ்டார் தொங்காத வீடு

இது வெறும் கொள்கைப் பேச்சு இல்ல. இதில் நிஜமான மனுஷங்க சம்பந்தப்பட்டிருக்காங்க.

நம்ம ஊர்ல சாவு விழுந்த வருஷம் பண்டிகை கிடையாது. பல கிறிஸ்தவக் குடும்பங்களும் அப்படித்தான். எங்க ஆச்சி இறந்த வருஷம் எங்க வீட்டுல ஸ்டார் போடல, முறுக்கு சுடல, புதுத்துணி எடுக்கல. கேரல் ரவுண்ட்ஸ் பாட்டுக் குழு துக்க வீட்டைத் தாண்டிப் போறதுதான் வழக்கம். அந்த வருஷம் ராத்திரி ஒரு மணி வாக்குல டிரம் சத்தம் எங்க தெரு முனையிலேயே நின்னுடுச்சு. கொஞ்ச நேரத்துல பாட்டுக் குழுவிலிருந்து ஏழெட்டுப் பேர் மட்டும் செருப்பைக் கழட்டிட்டு வாசலுக்கு வந்தாங்க. சாண்டா வேஷம் போட்டிருந்த அண்ணன் முகமூடியைக் கையில வச்சுக்கிட்டு நின்னார். மெதுவா ஒரே ஒரு பாட்டு, ஒரு சின்ன ஜெபம். எங்க தாத்தா கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு முழுசாக் கேட்டார். போகும்போது அந்தக் குழுவிலிருந்த ஒரு அத்தை, "இந்த வீட்டுக்கு வராம வேற எந்த வீட்டுக்குப் போறது?"ன்னு சொன்னாங்க.

கிறிஸ்துமஸ்னா சந்தோஷம் மட்டும்தான்னு வச்சுக்கிட்டா, அந்த வருஷம் எங்களுக்குக் கிறிஸ்துமஸே இல்ல. ஊரு விட்டு வந்து பி.ஜி.யில தனியா இருக்கிறவங்களுக்கும், வேலை போனவங்களுக்கும், புதுத்துணிக்குக் கடன் வாங்கித் தவிக்கிற குடும்பத்துக்கும் இல்ல. ஆனா முன்னணைக் கதையில இவங்க எல்லாருக்கும் இடமிருக்கு. அதோட அர்த்தத்தைத் தொலைச்சா, முதல்ல வெளியே நிக்கப் போறது இவங்கதான்.

2015 டிசம்பர் ஆரம்பத்துல சென்னையை வெள்ளம் புரட்டிப் போட்டப்போ, பல சபைகள் அந்த வருஷ ஆடம்பரத்தைக் குறைச்சுக்கிட்டு நிவாரண வேலையில இறங்கினாங்க. யாரும் அதைக் 'கிறிஸ்துமஸ் கேன்சல்'னு நினைக்கல.

சரி, நாம என்ன செய்யலாம்?

பெரிய தீர்மானம் எதுவும் வேண்டாம். நான் என் வீட்டுல செய்யற சில விஷயங்களைச் சொல்றேன்.

ஒண்ணு, காத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளைத் திருச்சபை 'திருவருகைக் காலம்' என்று வச்சிருக்கு. டிசம்பர் 1-லேயே பார்ட்டி தொடங்கி, 25-ம் தேதி சலிச்சுப் போறதுக்கு இது நல்ல மருந்து. எங்க குடிலில் முன்னணை 24 ராத்திரி வரைக்கும் காலியா இருக்கும். ஆராதனைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடிதான் குழந்தையை வைப்போம். வீட்டுக்கு வர்ற குட்டிப் பசங்க "பாப்பா எங்க?"ன்னு கேட்பாங்க. கதை சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ரெண்டு, கேக் வெட்டறதுக்கு முன்னாடி லூக்கா ரெண்டாம் அதிகாரத்தில் முதல் இருபது வசனத்தை ஒருத்தர் சத்தமா வாசிக்கிறது. மூணு நிமிஷத்துக்கு மேல ஆகாது. கதையைச் சொல்லாத பண்டிகை ரெண்டு தலைமுறையில வெறும் லீவு நாளாயிடும்.

மூணு, தட்டு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரம் நமக்கு வருது, கிறிஸ்துமஸுக்கு நம்ம தட்டு அங்கே போகுது. அருமையான வழக்கம், விட்டுடாதீங்க. அதோட, திருப்பித் தர முடியாத ஒருத்தருக்கு ஒரு தட்டு. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணா, ஊருக்குப் போக லீவு கிடைக்காத டெலிவரி தம்பி. நிக்கோலஸ் மாதிரி, போட்டோ எடுக்காம, ஸ்டேட்டஸ் வைக்காம.

நாலு, பட்ஜெட். டிரெஸ், பெயின்ட், பிரியாணி எல்லாத்துக்கும் ஒரு எல்லை. கடன் வாங்கிக் கொண்டாடச் சொல்லி அந்தத் தொழுவம் யாரையும் கேட்கல. வீட்டுல பெரியவங்க "ஊர் என்ன சொல்லும்?"னு கேட்டா, பொறுமையா உட்கார்ந்து பேசுங்க.

அஞ்சு, கேக்கறவங்களுக்குப் பதில். ஆபீஸ்ல வேற மதத்து நண்பர்கள் சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு வாழ்த்துச் சொன்னா, சந்தோஷமா வாங்கிக்கோங்க. அவங்க நம்ம பண்டிகையைப் பறிக்க வரல, பங்கெடுக்க வர்றாங்க. "அன்னைக்கு என்னதான்பா விசேஷம்?"னு யாராவது கேட்டா, பிரசங்கம் வேண்டாம். இடமில்லாமப் பிறந்த ஒரு குழந்தையைப் பற்றி ஒரு நிமிஷத்துல சொல்ற அளவுக்கு நமக்கே கதை தெரிஞ்சிருந்தா போதும்.

இன்னொரு சின்னத் தகவலோட முடிக்கிறேன். திருச்சபை மரபுப்படி கிறிஸ்துமஸ் 25-ம் தேதி முடியறதில்ல, தொடங்குது. ஞானிகள் வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6-ஐ ஒட்டி அது நீளுது. மால்ல 26-ம் தேதி மரத்தைக் கழட்டிட்டு நியூ இயர் பேனர் மாட்டிடுவாங்க. அப்போ உங்க கையில இன்னும் பத்து நாளுக்கு மேல இருக்கும். யாரைப் போய்ப் பார்க்கணும்னு இருந்தீங்களோ, அந்த நாட்கள்ல போய்ப் பாருங்க.

உங்க வீட்டுல வேற என்ன வழக்கம் இருக்குன்னு எழுதுங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்!