கரும்பலகைக்குப் பூசிய கரி

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், ஆளுக்கு இரண்டு பழைய பேட்டரிக்கட்டை கொண்டுவரச் சொல்வார் வாத்தியார். கல்லால் நசுக்கினால் தகரம் பிளந்து கருப்புப் பொடி கொட்டும். அதைக் கோவை இலையோடு சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் தேய்ப்போம். நடுவிலிருக்கும் கரிக்குச்சி, உடைத்தவனுக்குச் சொந்தம். கையை டவுசரில் துடைத்துக்கொண்டு மதியச் சோற்றுக்கு உட்காருவோம். அந்தப் பொடி மாங்கனீசு டை ஆக்சைடு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வீட்டில் தெர்மாமீட்டர் உடைந்தால் அன்று எங்களுக்கு விளையாட்டு. சிமெண்டுத் தரையில் பாதரசம் முத்து முத்தாக உருளும். விரல் வைத்தால் பத்தாகச் சிதறும், நகர்த்தினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்துவோம். சாதாரண அறைச் சூட்டிலேயே அது ஆவியாகும். மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஃபியூஸ் போன டியூப்லைட்டைச் சென்னைப் பையன்கள் மாஞ்சாவுக்காக இடித்தார்கள். அதற்குள்ளும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு.

அன்றைய சட்டத்தின் கண்ணிலும் இவை படவில்லை. 1984இல் போபால் விஷவாயுக் கசிவு நடந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் 1989இல் அபாயக் கழிவு விதிகளும் வந்தன. அந்த விதிகள் பார்த்தது ஆலைகளை. 2001இல் வந்த பேட்டரி விதிகள்கூடக் காரிலும் இன்வெர்ட்டரிலும் இருக்கும் ஈய பேட்டரிக்குத்தான். பேட்டரிக்கட்டை அதில் சேரவில்லை.

அதே 2001, மார்ச் மாதம். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் படிந்த உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஊரிலிருந்த தெர்மாமீட்டர் ஆலையின் கழிவு அது. அந்த மாதமே ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. ஜுரம் பார்க்க நாம் நாக்கடியில் வைத்த அதே பொருள்தான் அங்கே நஞ்சு மூட்டையாகக் கிடந்தது. பண்டமாக விற்கும்வரை யாரும் கேட்பதில்லை. வேண்டாமென்று எறிந்த பிறகுதான் அது எதனால் ஆனது என்ற கேள்வியே எழுகிறது. இந்த வரிசை தலைகீழ் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஜப்பானில் பாதரசம் கலந்த மீனைத் தின்று மக்கள் முடங்கிய மினமாட்டாவின் பெயரில் 2013இல் உலக ஒப்பந்தம் உருவானது. 2017இல் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டுக் குப்பைக்குச் சட்டத்தில் பெயர் கிடைத்தது 2016இல் வந்த திடக்கழிவு விதிகளில். உடைந்த தெர்மாமீட்டர், தீர்ந்த பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மருந்து, பெயின்ட் டப்பா, பூச்சிமருந்து டின், ஊசி எல்லாம் 'வீட்டு அபாயக் கழிவு' ஆயின. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்லின.

போன மாதம் ஃபியூஸ் போன டியூப்லைட் ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி, எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி கொண்டுவரும் அக்காவிடம் கொடுத்தேன். "உடைஞ்சா விஷம்க்கா, தனியா வைங்க" என்றேன். வண்டியில் பச்சை டப்பா ஒன்று, நீல டப்பா ஒன்று. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "தனியான்னா எங்கப்பா வைக்கிறது?" என்று கேட்டு, கைப்பிடியில் தொங்கிய தன் சாப்பாட்டுப் பைக்குப் பக்கத்தில் அதைச் சாய்த்து வைத்துக்கொண்டார். கையுறை போட்டிருக்கவில்லை.